கையுறையும் மூக்கும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆய்வகப் பாதுகாப்பு என்றதும் நமக்கு மாணவர்களின் நினைவுதான் வருகிறது. அவர்கள் அங்கே இருப்பது வாரத்தில் சில பாடவேளைகள். ஆய்வக உதவியாளர் நாள் முழுவதும் இருக்கிறார். கரைசல் தயாரிப்பதும், மாணவர் போன பிறகு சோதனைக் குழாய்களைக் கழுவுவதும் அவர் வேலை. இன்று அவரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். நச்சு உலோகங்கள் உடலை எப்படிக் கெடுக்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தை எடுக்கும்போது ஓரிரு துளிகள் கையுறைமேல் விழுந்தன. அவர் லேட்டக்ஸ் கையுறை அணிந்திருந்தார். நச்சுப் புகையை வெளியே இழுக்கும் அடைப்புக்குள்தான் வேலை செய்தார். அன்றைய நடைமுறையில் அதற்குமேல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில், 48 வயதில் இறந்துபோனார். பிறகு கையுறைகளைச் சோதித்தபோது, அந்தச் சேர்மம் லேட்டக்ஸை 15 வினாடிக்குள் ஊடுருவுவது தெரிந்தது.

அந்தச் சேர்மம் நம் பள்ளிகளில் இல்லை. ஆனால் கையுறை போட்டால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டு. மெல்லிய லேட்டக்ஸ் கையுறை நீர்த்த அமிலத்துக்குச் சரி. அடர் கந்தக அமிலத்துக்குப் போதாது. மேலே தெறித்தால் உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் கையைக் கழுவ வேண்டும்.

மூக்கையும் நம்ப முடியாது. உப்புப் பகுப்பாய்வில் வரும் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் நமக்குத் தெரியும். காற்றில் அது பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதி அடைவோமே, ஆபத்து அப்போதுதான்! பாதரச ஆவிக்கோ நாற்றமே கிடையாது. வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லாதீர்கள். துளிகள் சிதறி இன்னும் அதிகமாக ஆவியாகும். சன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு முன் ஒருநாள் உதவியாளருடன் உட்கார்ந்து அலமாரியைத் திறங்கள். ஒவ்வொரு புட்டியையும் எடுத்து, இது கையில் பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தெரியாததைச் சொல்லிக்கொடுங்கள், அவருக்கு அதைச் சொல்லித்தர நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? பெயர்ச்சீட்டு அழிந்த புட்டிகளும் கிடைக்கலாம். முகர்ந்து பார்க்க வேண்டாம், கழுவுதொட்டியில் கொட்டவும் வேண்டாம். தனியே வைத்துப் பூட்டி, தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.