பேராசிரியர் துபியான்ஸ்கி நினைவுக் கூட்டம்: கும்மிடிப்பூண்டியில் ஆற்றிய உரை



அலெக்சாந்தர் துபியான்ஸ்கி. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ரஷ்யப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். வெளியே பனி கொட்டும். வகுப்புக்குள்ளே சங்க இலக்கியத்தின் பாலை நிலம் கொதிக்கும்! 2010 கோவை செம்மொழி மாநாட்டுக்கும் வந்தார். 2020 நவம்பர் 18-ல் கொரோனா அவரைக் கொண்டுபோயிடுச்சு.

ரஷ்யாக்காரர் தமிழ் பேசினா கைதட்டுறோம். நம்ம சிப்காட்டில் பக்கத்து மெஷினில் நிற்கிற ஒடிசா தம்பி, "அண்ணா, சாப்பிட்டீங்களா?"ன்னு தட்டுத்தடுமாறிக் கேட்டா மட்டும் சிரிக்கிறோம். ஏன் தோழர்களே? ரெண்டு பேரும் கத்துக்கிட்டது ஒரே தமிழ்தானே!

நாளைக்கு ஷிப்டுல அந்தத் தம்பிக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்க. பேராசிரியருக்கு அதுதான் நம்ம அஞ்சலி.