வன்தட்டும் தண்ணீரும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாலிபர்கள் தாம் கற்றவற்றுள் ஒன்றைச் சபையில் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நம் சங்க வழக்கம். பல்கலைக்கழக மாணவன் ஆகையால் யான் ஏதோ பெரிய விடயம் பேசுவேன் எனச் செயலாளர் அண்ணர் எதிர்பார்த்திருக்கக்கூடும். யான் பேச வந்ததோ, என் அறையில் யானே பூட்டிய கணினியின் வன்தட்டுகளைத் தண்ணீர்கொண்டு குளிரச்செய்த கதை. அக்கதைக்கும் இச்சங்கத்துக்கும் உள்ள தொடர்பு உங்களிற் சிலருக்கு முன்னமே தெரியும். தெரியாதவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வன்தட்டு என்பது கணினியின் ஞாபகப் பெட்டகம். 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதலாவது வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஒரு தண்டிற் கோத்தது, அலுமாரியிலும் பெரியது, அது கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று கையில் ஏந்தத்தக்க பெட்டியொன்று அதனிலும் பல இலட்சம் மடங்கு கொள்ளும். உள்ளே கண்ணாடிபோல் மினுக்கப்பட்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழல்கின்றன. வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த இடைவெளியில் அது காற்றில் மிதக்கிறது. தட்டைச் சுழற்றும் மோட்டரும், தலையை அசைக்கும் கையும், அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையும் சேர்ந்து வேலைநேரத்தில் வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 5 முதல் 10 வாற்று. பழைய இராவிளக்குக் குமிழ் ஒன்றின் அளவு என்க.

அவ்வளவு சிறிய வெப்பத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பாச்சிதான் காரணம்.

2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது புதிய பாகங்கள் வாங்குவது என் போன்றோருக்கு இயலாத காரியமாயிற்று. ஓர் அலுவலகத்தில் உழைத்துக் களைத்த இரண்டு வன்தட்டுகளை 2023 இல் அரைவிலைக்கு வாங்கினேன். அவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் இராமுழுவதும் முனகின. என் அறைக்கு அடுத்த விறாந்தையிலே படுக்கும் அப்பாச்சி மூன்றாம் நாட் காலையில், “தம்பி, உந்தப் பெட்டிக்குள்ள ஆரையடா பூட்டி வைச்சிருக்கிறாய், விடியவிடிய அனுங்குது” என்றார். எண்பத்திரண்டு வயது முதியவரின் நித்திரையைக் கெடுத்துப் பட்டம் பெறுதல் அழகன்று. ஆகவே இரண்டு தட்டுகளையும் உள்ளே பஞ்சு ஒட்டிய பெட்டியொன்றில் வைத்து இறுக மூடினேன். முனகல் அடங்கிற்று. ஆனால் சிறு விசிறிக் காற்றில் 41 பாகையில் இருந்த தட்டுகள் மூடிய பெட்டியில் 57 பாகைக்கு ஏறின. பெரும்பாலான வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர் விதிக்கும் எல்லை 60 பாகை செல்சியஸ்.

இந்த இக்கட்டு எனக்கு மாத்திரம் வந்ததன்று. 2000 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த கணினி ஆர்வலர்கள், மோட்டார்க் கார்களின் சூடேற்றிச் சுருள்களையும் மீன்தொட்டிப் பம்பிகளையும் கொண்டு வீட்டுக் கணினிகளைத் தண்ணீரால் குளிரச்செய்தனர். வேகத்தை எல்லைமீறிக் கூட்டுவது சிலர் நோக்கம். அமைதியைத் தேடியவர்கள் வேறு சிலர். வன்தட்டைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பின்னவர்களே. தண்ணீரின் தகுதியும் சாமானியமானதன்று. என் இரு தட்டுகளும் சேர்ந்து 16 வாற்று வெளிவிடுகின்றன எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 960 யூல். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடினாற்கூடத் தண்ணீர் கால் பாகைதானும் சூடாவதில்லை! இக்கணக்கைப் போட்டு முடித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. அன்று குற்றவாளி வன்தட்டு அன்று.

குளிர்சாதனப் பெட்டி திருத்தும் அயலவர் ஒருவர் செப்புத் தகடுகளில் செப்புக் குழாயை ஒட்டித் தந்தார். அவற்றைத் தட்டுகளின் பக்கங்களில் அழுத்திப் பொருத்தினேன். வன்தட்டின் உடல் வார்ப்பு அலுமினியம் ஆகையால் உள்வெப்பம் பக்கங்களுக்குத் தானே வந்து சேரும். சாதாரண வன்தட்டின் உடலில் காற்றழுத்தம் சமப்படுவதற்காக வடிகட்டியுடன் கூடிய ஒரு சிறு துவாரம் உண்டு. அதை மட்டும் அடைத்துவிடலாகாது என்பதை அறிந்து கவனமாக விலக்கினேன். மீன்தொட்டிப் பம்பி ஒன்று, காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு லீற்றர், பழைய இரும்புக் கடையில் எடுத்த மோட்டார் சைக்கிள் ரேடியேற்றர் ஒன்று. ரேடியேற்றரைக் கணினியின் தலைமேல் ஏற்றிவைத்தேன். அறை 30 பாகை, தட்டுகள் 38 பாகை. எவ்வளவு முயன்றாலும் இம்முறையில் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை. அப்பாச்சி நிம்மதியாக உறங்கினார். யான் சிநேகிதர்களை அழைத்துக் காட்டினேன். சிலர் பம்பியைப் பார்த்து மீன் எங்கே என்று கேட்டனர்.

அந்நாட்களிலேதான் நமது சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைப் படம்பிடித்துப் பாதுகாக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பதினொரு மலர்கள். பெரியவர்கள் சேலைத்துண்டிலும் பத்திரிகைத் தாளிலும் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்கள். பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அன்றன்றே மலர்களைத் திருப்பிக் கொடுத்தேன். படங்கள் யாவும் கீழ்த்தட்டிலே இருந்தன.

2024 நவம்பரில் ஒரு காலை கணினி எழும்பவில்லை. பெட்டியைத் திறந்தபோது கீழ்த்தட்டின் மின்சுற்றுப் பலகை தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. மேலே இருந்த ரேடியேற்றரின் ஒரு மூலையில் ஊசித் துவாரம். குழாய் நுழையும் வழியாகச் சொட்டுச்சொட்டாக இறங்கிய தண்ணீர், சத்தம் வெளிவராதபடி யான் அத்துணை கவனமாக அடைத்த பெட்டியை விட்டு வெளியேற வழியின்றித் தேங்கி நின்றது.

துவாரம் எவ்வாறு உண்டாயிற்று? தகடுகள் செம்பு, ரேடியேற்றர் அலுமினியம், இரண்டையும் ஒரே தண்ணீர் தொடுத்தது. இரு வேறு உலோகங்கள், நடுவில் ஒரு திரவம்: மிஷன் பாடசாலையில் எங்கள் இரசாயன ஆசிரியர் கரும்பலகையில் பலமுறை வரைந்து காட்டிய மின்கலம் அதுவே. அலுமினியம் கரையும், செம்பு தப்பும். பரீட்சையில் அவ்வினாவுக்கு முழுப்புள்ளி பெற்றவன் யான். என் மேசையின்மேல் அதே கலத்தைப் பதினான்கு மாதம் வளர்த்தும் எனக்கு அது புலப்படவில்லை. குழாயிற் படிந்த வெண்பொடியைச் சுண்ணாம்பு என்றே நினைத்தேன். வடித்த தண்ணீரில் சுண்ணாம்பு எங்கிருந்து வரும் என்று கேட்கவும் தோன்றவில்லை. வடித்த தண்ணீர் மின்னை எளிதிற் கடத்தாது என்ற என் நம்பிக்கையும், உலோகம் கரைந்த அத்தண்ணீரில் பலிக்கவில்லை.

அதே மாதிரித் தட்டொன்றைத் தேடி வாங்கி அதன் பலகையை மாற்றிப் பார்த்தேன். இக்காலத்து வன்தட்டுகளில் அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவுக் குறிப்புகள் பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும். அச்சில்லையும் பெயர்த்து மாற்றினாலன்றி வேறு பலகை உதவாது. என்னுடைய சில் கருகியிருந்தது.

இதன் பின்னரே, 2007 இல் கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையை முழுமையாக வாசித்தேன். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளைக் கணக்கெடுத்தவர்கள் அவர்கள். வெப்பம் ஏற ஏறப் பழுதும் ஏறும் என்ற பொதுநம்பிக்கையை அக்கணக்கு ஆதரிக்கவில்லை. மிகக் குளிர்ந்திருந்த தட்டுகளிலே பழுது கூடுதலாய் இருந்தது. மூன்று வயது கடந்த தட்டுகளிலேதான் மிகுந்த வெப்பம் தெளிவான தீங்கு செய்தது. என்னுடையவை கிழட்டுத் தட்டுகள். ஆகவே 57 பாகையில் வேகவிட்டது தவறே. ஆயினும் விசிறிக் காற்றில் 41 பாகையில் இருந்தபோது அவற்றுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. யானே அடைத்து, அடைத்ததனால் எழுந்த வெப்பத்தை அகற்ற யானே தண்ணீரைக் கொணர்ந்தேன்.

இப்போது தப்பிய மேல்தட்டு, தையற்காரர் பாவிக்கும் இலாஸ்ரிக் நாடாவில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. அதிர்வு பெட்டியின் தகரத்துக்குச் செல்லாததால் முனகல் முக்காற்பங்கு போய்விட்டது. செலவு 120 ரூபா. அப்பாச்சி மிகுதிக் காற்பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நிற்க. பதினொரு மலர்களில் ஏழின் படங்களை, கைத்தொலைபேசியில் வாசிப்பதற்காக நமது பொருளாளர் தம்பி முன்னமே பிரதிபண்ணி வைத்திருந்தார். யான் கேட்டுச் செய்ததன்று. அவை இப்போது மூன்று வீடுகளில் மூன்று பிரதிகளாக உள்ளன. இழந்தவை 1959, 1962, 1963, 1966 ஆம் ஆண்டு மலர்கள். அவற்றைத் தந்த பெரியவர்களில் ஒருவர் மகளுடன் கனடா சென்றுவிட்டார். இன்னொருவர் வீட்டில் கறையான் முந்திவிட்டது. மற்ற இருவரிடமும் மீண்டும் கேட்க எனக்கு நா எழவில்லை. எனினும் இன்று கூட்டம் முடிந்ததும் கேட்கப்போகிறேன். இங்கிருப்போர் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ அந்நான்கில் ஒன்றாவது கிடக்குமாயின், யானே வந்து அங்கிருந்தபடியே படம்பிடித்துக்கொள்வேன். மலர் உங்கள் கையை விட்டு அகலவேண்டியதில்லை.