மழைக்காலத்துக் கொங்கணக் கடல்

கடலைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அது அமைதியாக இருக்கும் காலத்தையே நாடுவர். நாங்களோ அது சீறியெழும் காலத்தில் அதனைக் காண விரும்பினோம். தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஓர் ஆடி மாதத்தில், மும்பையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கேயுள்ள ஹரிஹரேசுவரம் என்னும் சிற்றூரை அடைந்தோம்.

மகாபலேசுவர மலையில் தோன்றும் சாவித்திரி நதி கடலொடு கலக்குமிடத்தில், வடகரையில் அமைந்துள்ளது இவ்வூர். பேஷ்வாக்கள் குலதெய்வமாகப் போற்றிய ஆலயம் இங்கே உண்டு. ஆலயத்தின் பின்னே குன்றின் மீதேறி, பாறைப் பிளவினூடே அமைந்த படிகளில் இறங்கினால் அலைகளின் அருகே சென்றுவிடலாம். அங்கிருந்து குன்றைச் சுற்றி வருவதே இத்தலத்தின் பிரதட்சிணம். ஆனால், நீர் வற்றும் வேளையில் மட்டுமே அவ்வழி திறந்திருக்கும்.

நாங்கள் படிகளை நோக்கி நடந்தபோது ஆலயத்திலிருந்த முதியவர் ஒருவர் தடுத்தார். "இப்போது அந்த வழி கடலுக்குச் சொந்தம்" என்றார். சற்று ஏமாற்றத்துடன் மேலேயே நின்றோம். சிறிது நேரத்தில் எழுந்த பேரலையொன்று, நாங்கள் நடக்க எண்ணியிருந்த பாறைகளை முற்றிலும் மூடி வழிந்தது. அதன் பின் அவருடன் வாதிட எங்களுக்கு நாவெழவில்லை. நம் தமிழகக் கரையில் ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே. கொங்கணத்திலோ அது பன்மடங்கு மிகுதி. பருவக்காற்றும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. அலைக்கு அருகே நின்று வேடிக்கை பார்த்து உயிரிழந்தோர் இங்கும் உண்டு.

இரவு உணவின்போது வாவல் மீன் கிடைக்குமா என்று கேட்டோம். விடுதி அம்மையார் சிரித்துவிட்டார். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் காலமும், கடல் கொந்தளிக்கும் காலமும் அதுவே. ஆகவே அரிசி ரொட்டியும், பம்பில் கருவாட்டுக் குழம்பும், கழிமுகத்தில் எடுத்த மட்டியும், தேங்காய்ப்பாலில் கோகம் புளி சேர்த்த சோல்கடியும் பரிமாறினார். வாசலில் இத்தனை பெரிய கடலிருக்கக் கருவாடா என்று முதலில் தோன்றிற்று. உண்டபின் அக்குறை தோன்றவில்லை.

அம்மையார் 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வீசிய நிசர்க்கா புயலைப் பற்றிக் கூறினார். தென்னையும் கமுகும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தனவாம். கமுகு நட்டால் பலன் காண ஐந்தாறு ஆண்டுகளேனும் வேண்டும். நாம் இரண்டு நாள் கண்டு களிக்க வரும் காற்று, அங்கு வாழ்வோருக்கு எத்தகையது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

நமக்கு ஆவணி அவிட்டமாகிய அந்தப் பௌர்ணமி, அங்கே நாரளி பூர்ணிமா. அன்று மீனவர் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வணங்கி, மீன்பிடிப் பருவத்தைத் தொடங்குவர்.

மார்கழியில் மீண்டும் சென்றோம். நீர் வற்றிய காலை வேளையில் அதே படிகளில் இறங்கி, அதே பாறைகளைச் சுற்றி நடந்தோம். பாறையின் முகமெங்கும் தேனடை போன்ற குழிகள். தெறித்த உப்புநீர் நுண்துளைகளில் புகுந்து உலர, உப்புப் படிகங்கள் வளர்ந்து கல்லைத் துகள் துகளாகப் பெயர்த்த வேலை அது. நண்பகலில் வாவல் வறுவலும் கிடைத்தது.

புயற்கடலைப் பார்க்க ஆடி. பாறைகளில் நடக்கவும் மீன் உண்ணவும் மார்கழி. மூன்றையும் ஒரே பயணத்தில் பெற நினைத்தது எங்கள் பிழை. கடற்கரையூருக்குச் செல்லும் அன்பர்கள் அவ்வூராரை முதலில் கேட்பார்களாக. அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னால், மேலே நின்றே காண்பார்களாக.