அரசுகள் ஏன் வாய் திறப்பதில்லை?



1956 நவம்பர் 4-ம் திகதி, ஹங்கேரி மக்களின் கிளர்ச்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகரினுள் புகுந்தன. சுயெஸ் படையெடுப்பை உடனே கண்டித்த நேரு, இங்கே தயங்கினார். ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை எதிர்த்து இந்தியா வாக்களித்தது. ஏன்? அக்கோரிக்கை நாளை காஷ்மீருக்கும் எழுமே என்ற அச்சம்!

உள்நாட்டு விவகாரங்களில் தலையிட ஐ.நா.வுக்கு அதிகாரமில்லை என்கிறது அதன் சாசனத்தின் 2-ம் உறுப்புரை, 7-ம் பிரிவு. ஆனால், அநீதியை அநீதியென்று சொல்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. அயல் வளவில் அழுகுரல் கேட்டும் வாளாவிருப்பவன், தன் வளவைப் பற்றி எவரும் கேளாதிருக்கவே விரும்புகிறான்.

அன்று ஜெயப்பிரகாஷ் நாராயணன் தம் அரசின் போக்கைத் துணிந்து கண்டித்தார். அரசு வாய் மூடும்போது பேசவேண்டியவர்கள் மக்களே.