வட்டி நாளும் வைப்பு நாளும்

(திருவண்ணாமலைச் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் யாம் வட்டிக் கணக்குப் பேச எழுந்தது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், நாளும் கோளும் பார்த்து மணவினை முதலியன செய்யும் நம்மவர், பணத்தைக் கணக்கிற் சேர்க்கும்போது மட்டும் நாள் பாராது இழப்பெய்துவது கண்டு வாளாவிருத்தல் எமக்கு இயலவில்லை.

நம்மவருட் பலர்க்கு வரும்படி பௌர்ணமியை ஒட்டியே வருகின்றது. பூ, கர்ப்பூரம், அகல்விளக்கு விற்போரும் உண்டிச்சாலை நடத்துவோரும் கிரிவலக் கூட்டத்தை நம்பியே வாழ்கின்றனர். பௌர்ணமியோ ஆங்கில மாதத்தில் ஒரே தேதியில் நிற்பதன்று. கார்த்திகைத் தீபம் 2024ஆம் ஆண்டில் டிசம்பர் 13ஆந் தேதியும், 2025ஆம் ஆண்டில் டிசம்பர் 3ஆந் தேதியும் வந்தது. ஒருவர் இரண்டாண்டும் தீபத்து வரும்படியை மறுநாளே தபாற் சேமிப்புக் கணக்கிற் போட்டு, மாத முடிவுவரை அதனைத் தொடாதிருந்தார் என்று கொள்வோம். 2025இற் போட்ட தொகைக்கு டிசம்பர் மாத வட்டி முழுதும் உண்டு. 2024இற் போட்டதற்கு அம்மாதத்தில் ஒரு காசும் இல்லை.

காரணம் இதுவே. அஞ்சலகத்தார் ஒவ்வொரு மாதமும் 10ஆந் தேதி முடிவு தொடங்கி மாதக் கடைசி வரையில் கணக்கின் இருப்பு எந்நாளில் மிகக் குறைந்து நின்றதோ, அவ்விருப்புக்கே வட்டி கணக்கிடுகின்றனர். 11ஆந் தேதி சேர்ந்த பணமும், 28ஆந் தேதி எடுத்த பணமும் அம்மாத வட்டிக்கு இல்லாதவையே. 50,000 ரூபாய்க்கு 4 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி ஏறக்குறைய 167 ரூபாய். இரண்டு நாள் பொறுத்து அடுத்த மாதம் 1ஆந் தேதி எடுத்திருந்தால் கிடைக்கும் தொகையை, அவசரத்தால் இழந்தோர் நம் தெருவிலேயே உளர்.

பாங்குகளிலும் முன்னர் இம்முறையே இருந்தது. ரிசர்வ் பாங்கின் ஆணைப்படி 2010 ஏப்ரல் 1 முதல் அன்றன்றைய இருப்புக்கு வட்டி கணக்கிடலாயினர். 2011 அக்டோபர் முதல் வட்டி விகிதத்தைப் பாங்குகள் தாமே குறித்துக்கொள்ள இசைவு வந்தது. ஸ்டேட் பாங்கு 2025 ஜூனில் அதனை 2.5 விழுக்காடாகக் குறைத்தது. ஆகவே, மாதத்தின் முதல் 9 நாளும் பாங்கில் வைத்துவிட்டு, 10ஆந் தேதி அஞ்சலகத்துக்கு மாற்றினால் ஈரிடத்தும் வட்டி பெறலாமே எனச் சூழ்வாரும் உளர். கணக்குச் சரியே. ஆனால், 50,000 ரூபாய்க்கு அச்சூழ்ச்சியால் வரும் மிகுதி ஏறத்தாழ 31 ரூபாய். ஒரு நாள் தவறினாற் போவது 167 ரூபாய்! இதனை யாம் மெச்சுவதில்லை.

மெய்யாகவே கவலைப்படத்தக்கது வேறொன்று. நம் பெண்மக்கள் பேரால் தொடங்கிய செல்வமகள் கணக்கில் எல்லை நாள் 10 அன்று, 5ஆந் தேதியேயாம். பி.பி.எப். கணக்குக்கும் அதுவே. மாதந்தோறும் இன்ன தேதியில் இவ்வளவு மாற்றுக என்று பாங்குக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்கும் நிலையாணையை, 7ஆந் தேதி என்று குறித்துவிட்டு மறந்திருப்போர் பலர். பிறகு அதனை யாரும் நினைப்பதில்லை. பணம் தானே போகின்றதன்றோ! மாதம் 5,000 ரூபாய் இவ்வாறு பிந்திச் சேருமாயின், 8.2 விழுக்காட்டில் ஆண்டுக்கு 410 ரூபாய் குறைகின்றது. அவ்விகிதமே நீடித்து, 15 ஆண்டு செலுத்தி 21ஆம் ஆண்டில் முதிர்வு பெறும்போது, வட்டிக்கு வட்டியும் கூடி அப்பெண்ணுக்குக் குறையும் தொகை ஏறத்தாழ 18,000 ரூபாய். செலுத்திய முதல் ஒன்றே. தேதி மட்டுமே வேறு.

பி.பி.எப். கணக்கில் ஆண்டுக்கு உச்சவரம்பான 1,50,000 ரூபாயையும் ஒருங்கே செலுத்த வல்லார், ஏப்ரல் 5ஆந் தேதிக்குள் செலுத்தினால் 7.1 விழுக்காட்டில் அவ்வாண்டுக்கே 10,650 ரூபாய் வட்டியுண்டு. வரிக்கஞ்சி மார்ச்சு முடிவில் ஓடுவோர்க்கு அவ்வாண்டில் அஃதில்லை.

ஆதலின், நிலையாணையை 2 அல்லது 3ஆந் தேதிக்கு மாற்றிக்கொள்க. 5ஆந் தேதியையே குறித்தல் நன்றன்று. ஒருமுறை பிழைத்தால் மீண்டும் செலுத்தப் பொழுதிராது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர்க்கு இது எளிது. பௌர்ணமி வரும்படியினர் என் செய்வது? ஒரு மாதத் தவணையை எப்போதும் முன்கூட்டியே பாங்குக் கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும். இம்மாதப் பௌர்ணமிப் பணம் அடுத்த மாதத் தவணைக்கு ஆகட்டும். அது 3ஆந் தேதி வந்தாலென், 25ஆந் தேதி வந்தாலென்? நாள்தோறும் வட்டி தரும் பாங்கில் அது காத்திருப்பதால் இழப்புச் சிறிதே. இருப்பின்றி ஆணை திரும்பினாலோ, பாங்கு தண்டமும் பிடிக்கலாம்.

மிகுந்த இருப்பைத் தானே நிலைவைப்பாக மாற்றும் ஏற்பாடும் பாங்குகளில் உண்டு. பௌர்ணமிக்குச் சரக்கு வாங்கச் சில நாளிலேயே பணம் வேண்டுவோர்க்கு அது பயன் தராது; 7 நாளுக்குள் முறிந்த வைப்புக்கு வட்டியில்லை.

ஞாயிறுதோறும் மாலையில் யாம் சங்கக் கட்டடத்தில் இருப்போம். பாஸ்புத்தகம் கொண்டுவரும் தாய்மார்களுக்கு, செல்வமகள் கணக்கில் பணம் எத்தேதியிற் சேர்ந்து வருகின்றதெனப் பார்த்துச் சொல்வோம். தேதி மாற்றுதற்குரிய விண்ணப்பத்தையும் எழுதித் தருவோம்.