தட்டிப் பார்த்த பிறகே கோடரி

(வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



எங்கள் ஆலய வளாகத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. யார் நட்டது என்று பங்கில் யாருக்கும் தெரியாது. ஞாயிறு திருப்பலி முடிந்து நாங்கள் நின்று பேசுவது அதன் நிழலில்தான். மறைக்கல்விப் பிள்ளைகள் உட்காருவதும், திருவிழா அன்று பந்தி போடுவதும் அங்கேதான். சென்ற மழைக்காலத்தில் அதன் அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தது. நல்ல பழுப்பு நிறம். பிடித்து இழுத்தாலும் வராத கெட்டி. அதன் பக்கத்தில் ஒரு பொந்து. கையை விட்டால் முழங்கை வரை போனது.

பங்குப் பேரவை கூடியது. "பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் வழி, ஃபாதர். விழுந்தால் யார் பதில் சொல்வது? வெட்டிவிடுவோம்" என்றார்கள் சிலர். "எங்கள் தாத்தா காலத்து மரம். அதன்மேல் கை வைக்கக் கூடாது" என்றார்கள் வேறு சிலர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்களில் ஒருவரும் அந்த மரத்தைக் கிட்டப் போய்ச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமரத்தை நாம் அறிவோம். மூன்று ஆண்டுகளாகக் கனி இல்லை. வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சும்மா கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாக வாக்குக் கொடுக்கிறார். அதன் பிறகும் பயனில்லை என்றால் வெட்டலாம் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். அவருடைய இரக்கம் கண்ணை மூடிக்கொள்ளும் இரக்கம் அல்ல.

நாங்களும் தவணை கேட்டோம். வனத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கையில் கோடரி இல்லை. ஒரு மரச் சுத்தியல் இருந்தது. அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நல்ல மரம் 'டக்' என்று இறுக்கமாக ஒலித்தது. பொள்ளலான இடம் பறை போல முழங்கியது. பிறகு மெல்லிய துளைப்பான் கொண்டு, ஐயம் உள்ள இரண்டே இடங்களில் அளந்து பார்த்தார். நிமிர்ந்து கிளைகளையும், குனிந்து வேர்களையும் பார்த்தார்.

அவர் சொன்ன செய்தி எங்களுக்குப் புதிது. முதிர்ந்த மரத்தின் நடுப்பகுதி உயிரற்ற கட்டை. உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில்தான். நடு அழுகினாலும் மரம் தழைத்து நிற்கலாம். இரும்புக் குழாய் உள்ளே வெறுமையாக இருந்தும் பாரம் தாங்குவதில்லையா? நடுவிலிருந்து பட்டை வரையுள்ள அளவில் மூன்றில் ஒரு பங்காவது சுற்றிலும் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது தோராயக் கணக்கு. பொந்து வெளியே திறந்திருந்தால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வேரே அழுகியிருந்தால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நம்பக் கூடாது.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தவர். நம் தோலில் பட்ட காயம் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை என்றார் அவர். மரம் காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகலை உள்ளே அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. அந்தச் சுவரை நாம் உடைத்தால் காளான் தாண்டி வந்துவிடும். ஆகவே பொந்தைச் சுரண்டக் கூடாது. நல்ல மனதோடு ஒருவர் சிமெண்ட் பூசித் தர முன்வந்தார். அதையும் பெரியவர் வேண்டாம் என்றார். உள்ளே ஈரம் தங்கும், அழுகல் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

"காளானைக் குறை சொல்லாதீர்கள். அதற்குக் கதவு திறந்தது யார்?" என்று அவர் கேட்டபோது நாங்கள் தலை குனிந்தோம். சீரியல் விளக்கு கட்ட ஆணி அடித்தவர்கள் நாங்கள். ஒலிபெருக்கிக்காகக் கிளையைக் குறையாக வெட்டியவர்களும் நாங்கள். அடியில் குப்பை எரித்ததும், வேர் மேல் சிமெண்ட் தளம் போட்டதும் நாங்களே.

நேயர்களே, சில நேரங்களில் வெட்டத்தான் வேண்டும். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் சிப்பூர் தாவரவியல் பூங்காவில் பெரிய ஆலமரம் ஒன்று இருக்கிறது. வயது 250-க்கு மேல். 1864-லும் 1867-லும் வீசிய புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த இடங்களைக் காளான் பற்றி, அழுகல் அடிமரத்துக்குப் பரவியது. அந்த அடிமரத்தின் சுற்றளவு 15 மீட்டருக்கு மேல். மற்றதைக் காப்பாற்ற 1925-இல் அதையே வெட்டி எடுத்தார்கள். இன்று அந்த ஆலமரம் நடுமரம் இல்லாமலே, 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளில் நிற்கிறது. 2020-இல் வந்த அம்பன் புயலிலும் அடிபட்டது, ஆனாலும் நிற்கிறது. ஆலுக்கு விழுது உண்டு. எங்கள் தூங்குமூஞ்சிக்கு அது இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் அதனதன் வைத்தியம்.

எங்கள் மரத்தில் சுற்றுச்சுவர் போதிய கெட்டியாக இருந்தது. பள்ளி வழியின் மேல் நீண்ட ஒரு கிளை மட்டும் உளுத்திருந்தது; அதை வெட்டினோம். சிமெண்ட் தளத்தைப் பெயர்த்து இலைச் சருகு பரப்பினோம். வேலி போட்டுப் பிள்ளைகளின் வழியை மாற்றினோம். பந்தியும் இனி வேறு இடத்தில்தான். ஆண்டுதோறும் மழைக்கு முன் மறுபடி தட்டிப் பார்ப்போம். சுவர் மெலிந்துவிட்டது என்று தெரியும் நாளில், அழுதுகொண்டாவது வெட்டுவோம். ஒரு பிள்ளையின் உயிரைவிட நிழல் பெரிதல்ல.

நம் வீடுகளிலும் இப்படிப் பழுதுபட்டு நிற்கும் மனிதர்கள் உண்டு. குடியில் விழுந்த அண்ணன், பேச்சை நிறுத்திக்கொண்ட மகள், எதற்கெடுத்தாலும் சீறும் வயதான அப்பா. ஒதுக்கித் தள்ளுவது எளிது. ஒன்றுமே நடக்காதது போல மேலே பூசி மெழுகுவது அதைவிட எளிது. கிட்டப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பொள்ளல், எங்கே இன்னும் கெட்டி என்று காது கொடுத்துக் கேட்பதுதான் கடினம். அவர்களுடைய காயத்தில் நாம் அடித்த ஆணி எது என்றும் அப்போது தெரியவரும்.

இந்த வாரம் அப்படி ஒருவரிடம் போவோம். கோடரி இல்லாமல் போவோம். தவணை கேட்ட அந்தத் தோட்டக்காரரின் பொறுமையை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.