பொறுத்தாரும் பொங்கினாரும்

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலே, கண்ணுக்கெட்டிய தூரம் சோள வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கும் மாநிலம் ஒன்று உண்டு. நெப்றாஸ்கா என்பது அதன் பெயர். அங்கே கடற்கரை இல்லை. பிற நாட்டாரை ஈர்க்கும் பெருநகரமும் இல்லை. மக்கள் தொகை ஏறத்தாழ இருபது இலட்சமே. அமெரிக்கத் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தொழின்முறை அணிகளுள் ஒன்றேனும் அம்மாநிலத்திற்கு உரியதன்று. தலைநகராகிய லிங்கனில் 1869ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அணியே அம்மக்களின் பெருமைக்கெல்லாம் உறைவிடமாய் விளங்குகின்றது. சோளத்தின் தோகையை உரிப்போர் என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கி, அவ்வணியினர் செந்நிறச் சட்டையணிந்து களத்தில் இறங்குவர்.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளிலே அந்நகரம் செந்நிறம் பூண்டுவிடும். பண்ணைக்காரரும் கடைக்காரரும் ஆசிரியரும் குழந்தை குட்டிகளுடன் நெடுந்தூரம் பயணஞ் செய்து வருவர். 1923ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நினைவு விளையாட்டரங்கு நிறைந்துவிட்டால், மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் அதுவே என்று அங்குள்ளார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. 1962 நவம்பர் தொடக்கம் அங்கு நடைபெற்ற ஆட்டங்களுக்கெல்லாம் நுழைவுச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன என்பது அவர்கள் உயிரினும் மேலாகப் போற்றும் கணக்கு.

இத்துணை அன்பு கொண்ட மக்கள், தம் அணியின் பயிற்றுநர்மீது கொண்ட சினமும் சலிப்பும் எங்ஙனம் வளர்ந்தன, அவற்றால் விளைந்தது யாது என்பது சிந்திக்கத்தக்க வரலாறாகும்.

அவ்வாட்டத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது நம் நாட்டில் ஆடப்பெறும் உதைபந்தாட்டம் அன்று. பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் கையால் எறியப்படுவதும் கையிலேந்தி ஓடப்படுவதும் ஆகும். பக்கத்துக்குப் பதினொருவர் நின்று, நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரமேனும் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியின் பின்னும் ஆட்டம் நிற்கும். அடுத்து ஓடுவதா, எறிவதா, எவன் எப்பக்கம் செல்வது என்பதைக் களத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்றுநர் குழுவே பெரும்பாலும் தீர்மானிக்கும். வீரன் பந்தைத் தவறவிட்டால் அவன் மாணவன், இளைஞன் என்று மன்னிக்கலாம். முயற்சியே தவறாகத் தெரிவு செய்யப்பட்டால் பழி முழுவதும் பயிற்றுநரையே சாரும். பார்வையாளருள் ஒவ்வொருவரும் தாமே பயிற்றுநராகி, 'யானாயின் இவ்வாறு செய்திரேன்' என்று கூறுவதற்கு இவ்வாட்டம் இடமளிப்பது போல வேறெந்த ஆட்டமும் இடமளிப்பதில்லை.

இனி வரலாற்றைக் காண்போம். 1956 முதல் 1961 வரை ஆறு பருவங்கள் தொடர்ந்து வெற்றியினும் தோல்வியே மிகுதியாகக் கண்ட அணி அது. 1962இல் பொப் டெவானி என்பார் பயிற்றுநராய் வந்தார். முதலாண்டிலேயே ஒன்பது வெற்றிகள் கிடைத்தன. மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ஆனால் 1967இலும் 1968இலும் அணி ஆறு ஆட்டங்களில் வென்று நான்கில் தோற்றது. 1968இன் இறுதி ஆட்டத்திலே ஒக்லகோமா அணி 47 புள்ளிகள் பெற, நெப்றாஸ்கா ஒரு புள்ளியும் பெறவில்லை. கொண்டாடிய வாய்களே டெவானியை நீக்கவேண்டும் என்று குரலெழுப்பின. பல்கலைக்கழகம் அவரை நீக்கவில்லை. டெவானியும் வாளாவிருக்கவில்லை. தம்மிடம் துணைப் பயிற்றுநராயிருந்த இளைஞர் ரொம் ஒஸ்போர்னிடம், தாக்கும் முறையைப் புதிதாக அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1970, 1971 ஆகிய ஈராண்டிலும் நெப்றாஸ்கா நாட்டின் முதலணியாயிற்று.

1973இல் ஒஸ்போர்ன் தலைமைப் பயிற்றுநரானார். அவர் பணியாற்றிய இருபத்தைந்து பருவங்களுள் ஒன்றிலேனும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததில்லை. அங்ஙனமிருந்தும் அவர் மீதும் முணுமுணுப்பு எழுந்தது. முதல் ஐந்தாண்டும் ஒக்லகோமாவிடம் தோற்றார். பெரிய ஆட்டங்களை வெல்ல அறியாதவர் என்றனர். 1984 ஜனவரியில் மியாமி அணியுடன் நடந்த இறுதி ஆட்டத்திலே, 31க்கு 30 என்ற நிலையில் சில வினாடிகளே எஞ்சியிருந்தன. ஓர் உதையால் ஒரு புள்ளி பெற்று ஆட்டத்தைச் சமநிலையில் முடித்திருந்தால் முதலிடம் அவருக்கே கிடைத்திருத்தல் கூடும். அவரோ வெற்றியை நாடி இரண்டு புள்ளிக்கு முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. 1987 தொடக்கம் 1993 வரை ஏழு பருவங்களின் இறுதி ஆட்டங்களிலும் தொடர்ந்து தோல்வியே கண்டார். எனினும் அவரை எவரும் அகற்றவில்லை. நாட்டின் முதலிடம் அவரை வந்தடைந்தது 1994ஆம் ஆண்டில், அவருடைய இருபத்திரண்டாவது பருவத்திலேதான். பின்னர் 1995இலும் 1997இலும் அவ்வெற்றி மீண்டும் கிட்டியது. 1997ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

பொறுத்தார் பூமியாள்வார் என்பது நம்மவர் பழமொழி. நெப்றாஸ்கா மக்கள் அதனைத் தம் வரலாற்றிலேயே கண்டிருந்தனர். ஆயினும் பூமியாண்ட பின் பொறுமை நிலைப்பது அரிது போலும்.

ஒஸ்போர்னுக்குப் பின் பிராங் சொலிச் வந்தார். அவர் டெவானியின் காலத்தில் அவ்வணியிலேயே ஆடியவர். ஒஸ்போர்னிடம் 1979 முதல் துணைப் பயிற்றுநராயிருந்தவர். ஆறு பருவங்களில் 58 ஆட்டங்களில் வென்று 19இல் தோற்றார். 2001ஆம் ஆண்டுப் பருவத்தில் நாட்டின் முதலிடத்துக்கான ஆட்டம்வரை அணியைக் கொண்டு சென்றார். ஆனால் அவ்வாட்டத்தில் மியாமியிடம் 37க்கு 14 என்று தோற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஏழு வெற்றியும் ஏழு தோல்வியுமாய்க் கழிந்தது. 1969 முதல் முப்பத்து மூன்று பருவங்கள் அறாது வந்த ஒன்பது வெற்றிக் கணக்கு அத்துடன் அறுந்தது. 2003இல் சொலிச் அணியை மீண்டும் நிமிர்த்தினார். நவம்பர் 28ஆந் தேதி கொலராடோ அணியை வென்று ஒன்பதாவது வெற்றியைப் பெற்றார். மறுநாள் பதவியினின்றும் நீக்கப்பட்டார்.

நீக்கியவர்கள் கூறிய காரணம் எளியது: ஒன்பது வெற்றி போதாது, முன்னைய உயரமே வேண்டும். இரசிகருள் ஒரு சாரார் மகிழ்ந்தனர்; மற்றொரு சாரார் இது அறமன்று என்று வருந்தினர். அடுத்து வந்த பில் கலகன் தொழின்முறை அணியொன்றைப் பயிற்றியவர். பந்தை ஏந்தி ஓடும் பழைய முறையைக் கைவிட்டு எறிந்து முன்னேறும் முறையைப் புகுத்தினார். ஓடுவதற்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட மாணவர் எறிதலில் தடுமாறினர். 2004இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961க்குப் பின் தோல்வி மிகுந்த முதற் பருவம் அது. 2007இல் கன்சாஸ் அணி நெப்றாஸ்காவுக்கு எதிராக 76 புள்ளிகள் குவித்தது. கலகனும் சென்றார்.

பின்னர் வந்த போ பெலினி ஏழு பருவமும் ஒன்பது அல்லது பத்து வெற்றிகள் பெற்றுத் தந்தார். ஆயின் பெரிய ஆட்டங்களிலே பெருந்தோல்விகள் நேர்ந்தன. 2012இல் விஸ்கொன்சின் அணி 70 புள்ளிகள் பெற்றது. 2011இல் ஓர் ஆட்டத்திலே அணி பின்தங்கியிருந்தபோது இரசிகர் பலர் எழுந்து வீடு திரும்பிவிட்டனர்; அவர்கள் சென்ற பின்னர் அணி மீண்டெழுந்து வென்றது. அன்று பெலினி மனம் நொந்து இரசிகரைப் பழித்துப் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு 2013இல் வெளியாயிற்று. ஒருவரையொருவர் நம்பாத நிலை அதன்பின் யாவர்க்கும் தெளிவாயிற்று. 2014இல், அவ்வாண்டின் ஒன்பதாவது வெற்றிக்குப் பின், அவரும் நீக்கப்பட்டார். ஒஸ்போர்னும் நெடுங்காலம் ஒன்பதும் பத்துமாக வென்று பெரிய ஆட்டங்களில் தோற்றவரே என்பதை நினைவூட்டுவார் அன்று மிகச் சிலரே.

மைக் றைலி என்பாரின் மூன்று பருவங்கள் பத்தொன்பது வெற்றியும் பத்தொன்பது தோல்வியுமாய் முடிந்தன. அதன் பின்னர் ஸ்கொற் புறொஸ்ற் வந்தபோது மாநிலமே களிப்பில் ஆழ்ந்தது. அவர் அம்மண்ணின் மைந்தர். 1997இல் முதலிடம் பெற்ற அணியிலே முன்னின்று ஆடியவர். இம்முறை மக்கள் உண்மையாகவே பொறுத்தனர். 2018இல் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி, பொறுத்தனர். 2021இல் ஒன்பது தோல்வி. அவை ஒவ்வொன்றும் ஒன்பது புள்ளிக்கு மேற்படாத வேறுபாட்டில் நேர்ந்தவை. அப்பொழுதும் பலர் பொறுத்தனர். 2022 ஓகஸ்டில் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் நடந்த ஆட்டத்திலே, 28க்கு 17 என்று முன்னின்ற வேளையில், பந்தைத் தொலைவுக்கு உதையாது, தாமே மீளப் பற்றும் நோக்குடன் சிறுதூரம் உதைக்குமாறு பயிற்றுநர் பணித்தார். பந்து எதிரணியின் கைப்பட்டது, ஆட்டமும் கைநழுவியது. செப்டெம்பர் 10ஆந் தேதி சொந்தக் களத்திலே ஜோர்ஜியா சதேர்ன் என்னும் சிறிய அணியிடம் 45க்கு 42 என்று தோற்றபின் பொறுமை மாண்டது. ஒப்பந்தப்படி ஒக்டோபர் முதலாந் தேதிவரை காத்திருந்தால் அவருக்குக் கொடுக்கவேண்டிய இழப்பீடு ஒன்றரைக் கோடி டொலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரங் காத்திருக்கவும் பல்கலைக்கழகத்தாருக்கு மனமில்லை. மறுநாளே அவர் நீக்கப்பட்டார்.

ஆகவே பொறுமை ஒன்றே மருந்து என்று கூறிவிடவும் இயலாது. டெவானியைப் பொறுத்தபோது பயன் விளைந்தது. புறொஸ்ரைப் பொறுத்தபோது விளையவில்லை. டெவானி தம் பிழையை ஆராய்ந்து முறையை மாற்றினார். புறொஸ்ரின் காலத்தில் ஒரே வகைத் தோல்வி மீண்டும் மீண்டும் நேர்ந்தது. பொறுப்பதா, பொங்குவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது வெற்றிகளின் எண்ணிக்கை மட்டுமன்று. தோற்றவர் தோல்வியிலிருந்து கற்கின்றாரா என்பதே.

இரசிகரின் சினத்துக்கு எட்டாத காரணங்களும் இருந்தன. முன்னாளில் ஒரு பல்கலைக்கழகம் விரும்பிய அளவு மாணவருக்கு உதவிப்பணம் கொடுத்து அணியிற் சேர்க்கலாம். 1973இல் அத்தொகை 105 என வரையறுக்கப்பட்டது. 1978இல் 95 ஆயிற்று. 1994இல் 85 ஆகக் குறைந்தது. பெரிய அணிகளின் வாயிலில் காத்து நின்ற திறமையாளர் வேறிடஞ் சென்றனர். சிறிய அணிகள் வலுப்பெற்றன. மக்கள் தொகை சிறுத்த மாநிலமாதலின் வெளியூர் இளைஞரை நாடியே நெப்றாஸ்கா தன் அணியை நிரப்பவேண்டும். 2011இல் அது வேறொரு போட்டிக் கூட்டத்திற் சேர்ந்தபோது, இளம் வீரர் மலிந்த டெக்சாஸ் மாநிலத்துடன் கொண்டிருந்த பழைய தொடர்பும் தளர்ந்தது. பயிற்றுநர் மாறும்போதெல்லாம் முறை மாறியது. முறை மாறும்போதெல்லாம் முன்னவர் சேர்த்த மாணவர் பொருந்தாதாராயினர். சினம் பயிற்றுநரை மாற்றியது. மாற்றம் தோல்வியைப் பெருக்கியது. தோல்வி மீண்டும் சினத்தை வளர்த்தது. 2017 முதல் 2023 வரை ஏழு பருவமும் தோல்வியே மிகுந்தது. ஒருகால் இழிவெனக் கருதிய ஒன்பது வெற்றி, எட்டாக் கனியாயிற்று.

எனினும் அம்மக்களை எளிதிற் குறைகூறலாகாது. கடையிற் பண்டம் நன்றாயில்லையேல் வேறு கடைக்குச் செல்லலாம். அணியிடத்து அன்பு வைத்தவனுக்கு வேறு கடை இல்லை. பாட்டனும் தந்தையும் அமர்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பவன், தோல்வி கண்டு அயலூர் அணிக்குக் கைதட்டப் புறப்படுவதில்லை. அவன் செய்யக்கூடியது வருந்துவதும் வாய்விட்டுச் சினப்பதுமே. அச்சினத்தைக் கேட்டு நிதானமாய் முடிவு செய்யவேண்டியவர் பொறுப்பிலுள்ளோர். அவர்கள் நிதானம் இழப்பின், இரசிகனின் கவலை ஆணையாகிவிடும். ஏழாண்டுத் தோல்வியிலும் அவ்வரங்கு வெறுமையாகவில்லை. 2021இல் சீட்டுகள் எஞ்சியபோது கொடையாளர் அவற்றை வாங்கி, வசதி குறைந்த சிறுவரை ஆட்டங் காணச் செய்தனர். வெளியூர் அணி வென்று வெளியேறும்போதும் எழுந்து கைதட்டும் வழக்கத்தை அங்குள்ளார் விட்டுவிடவில்லை.

நீக்கப்பட்ட சொலிச் பிறிதொரு மாநிலத்திலுள்ள ஒகையோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே அவரைப் பதினாறு பருவங்கள் வைத்திருந்தனர். அவ்வணி சேர்ந்த போட்டிக் கூட்டத்தின் வரலாற்றிலே மிகுந்த வெற்றி பெற்ற பயிற்றுநரெனப் பெயர் பெற்று 2021இல் ஓய்ந்தார். அவ்வளவு காலமும் லிங்கன் நகரின் அரங்கிலே அவர் அடி வைக்கவில்லை. 2022இன் இறுதியில் பொறுப்பேற்ற புதிய பயிற்றுநர் மற் றூல், 2023 ஏப்பிரிலில் நடந்த இளவேனிற்காலப் பயிற்சி ஆட்டத்திற்கு அவரை வருந்தி அழைத்தார். முதியவராகிய சொலிச் களத்தில் நின்றபோது, கூட்டம் கைதட்டி அவரை வரவேற்றது. இருபதாண்டுக்கு முன் ஒன்பது வெற்றி போதாதென்று அவரைப் போகவிட்ட அதே ஊரே அன்று அங்கு கூடியிருந்தது.

மறு ஆண்டாகிய 2024இல் அணி ஏழு ஆட்டங்களில் வென்று ஆறில் தோற்றது. சொலிச்சின் ஆறு பருவங்களுள் மிகத் தாழ்ந்த பருவத்திலும் அவ்வேழு வெற்றிகளே கிடைத்திருந்தன. 2002இல் அந்த ஏழைக் கண்டு மனம் புழுங்கிய மக்கள், 2024இல் அதே ஏழைக் கண்டு மகிழ்ந்தனர். எண் மாறவில்லை, இடையில் கழிந்த ஆண்டுகளே அவர்களுக்கு அதன் மதிப்பைக் கற்பித்தன.